என்ன உறவு என்று எழுத?

மே 6

அன்புள்ள வாயாடிக்கு,

அலுப்பைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் நலம்தான். எனக்கும் உன் அண்ணனுக்குமான விவாகரத்துத் தீர்ப்பு வந்துவிட்டது. அடுத்த மாதமே அவர் வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறாராம்.

இனி என்னை அண்ணி என்று எழுதாதே. வருகிறவளுக்குச் சங்கடமாக இருக்கும். எங்கள் பதிவு அலுவலகத்தில் உறவு இரண்டே வகை: ரத்தத்தால் வந்தது, கல்யாணத்தால் வந்தது. கல்யாணம் முறிந்தால் இரண்டாவதைச் சிவப்பு மையில் அடித்துவிடுவோம். இருபது வருஷமாக ஊராருக்கு அடித்த கோடுதான். எனக்கென்று வரும்போது மட்டும் கை வலிக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
இனி உனக்கு யாரென்று தெரியாதவள்

மே 14

அன்புள்ள அண்ணிக்கு,

கோபிக்காதீர்கள், வேறு சொல் கைவசம் இல்லை.

சாயப்பட்டறை சோதனைக்கூடத்தில் என் வேலையே எது எதைப் பிடிக்கும் என்று பார்ப்பதுதான். சாயத்துக்கு நூல்மேல் உள்ள நாட்டம் என்று படிக்கிற காலத்தில் எழுதினோம். இங்கே ‘பிடிக்குது, பிடிக்கல’ என்பதோடு சரி. பாய்ந்து பிடிக்கிற சாயம் திட்டுத்திட்டாகப் போய்விடும். மெல்ல ஏறுவதுதான் சீராக நிற்கும். அண்ணனுக்கு உங்களை ஒரே பார்வையில் பிடித்தது. நாம் இருவரோ முதல் மூன்று வருஷம், குளிக்க யார் முதலில் போவது என்றுகூடச் சண்டை போட்டோம். எப்போது ஒட்டிக்கொண்டோம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஒரு விஷயம். ஜூன் இருபதாம் தேதி எனக்கு ஆபரேஷன். கட்டியை எடுத்துப் பார்த்தால்தான் என்னவென்று தெரியுமாம். பயமாக இருக்கிறது. ஒப்புதல் படிவத்தில் உங்கள் கையெழுத்து வேண்டும். உறவுமுறை என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். என்ன எழுத?

உங்கள்
வாயாடி

ஜூன் 20, ஆபரேஷன் தியேட்டர் வாசல்

அன்புள்ள வாயாடிக்கு,

இதை நர்ஸிடம் கொடுத்து உன் தலைமாட்டில் வைக்கச் சொல்கிறேன்.

காலையில் கவுன்ட்டரில் என்ன உறவு என்று கேட்டார்கள். கல்யாண உறவு, முறிந்துவிட்டது என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அலுவலகப் புத்தி. “அப்ப நீங்க போட முடியாதும்மா” என்று படிவத்தை உன் அண்ணன் பக்கம் நகர்த்திவிட்டார்கள். அவர் போட்டார். எனக்கு அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அசதி.

புதியவளும் வந்திருக்கிறாள். நல்ல மாதிரி. ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறோம். எந்த மருந்து உனக்கு ஒத்துக்கொள்ளாது என்று என்னிடம் கேட்டுக் குறித்துக்கொண்டாள். பொறாமையாக இருந்தது, சொன்னால் என்ன.

பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று டாக்டர் இப்போதுதான் வந்து சொன்னார்.

மயக்கம் தெளிந்து, இதைப் படித்துவிட்டு, என்னைக் கூப்பிடுவாய். அண்ணி என்றால் அவள்தான் எழுந்து வருவாள். அதுதான் முறையும்கூட. நீ என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. அதற்கு எழுந்து வர இந்த பெஞ்சில் நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
வெளியே காத்திருப்பவள்