துணி காயாத நாட்கள்

நவம்பர் 3, திங்கள்

விடாத மழை. கொடியில் பதினோரு துணி. ஒன்றும் காயவில்லை. பாப்பாவுக்குத் தொடையிடுக்கு, பின்புறம் எல்லாம் சிவந்து கிடக்கிறது. துடைத்தால் வீறிடுகிறாள். என் நைனா பவுடர் டப்பாவை நீட்டினார். கொட்டினேன். ஈரத்தில் குழைந்து மாவு மாதிரி ஒட்டிக்கொண்டது. இன்னும் கத்தல்.

செல்வி காய்ச்சலில் போய் இன்றோடு முப்பத்திரண்டு நாள். பாப்பாவுக்கு மூன்று மாதம் ஆகப்போகிறது. அவள் இருந்தவரை இப்படி ஒரு புண் வந்ததில்லை. என்ன செய்தாள், எப்படிச் செய்தாள் என்று நான் கவனித்ததும் இல்லை. கட்டிய மனுசன் வலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவ. 4, செவ்வாய்

பழவேற்காடு ஆஸ்பத்திரி. குழந்தையோடு வரிசையில் நின்ற ஆம்பளை நான் ஒருவன்தான். சிஸ்டர் துணியை விலக்கிப் பார்த்தார்.

"துணிய எதுல தொவைக்கிற?"

"அடிபம்பு தண்ணிலதான் சிஸ்டர்."

"உப்புத் தண்ணியா? அப்புறம் சோப்பு எப்டிப்பா போவும்? தொட்டுப் பாரு, கோணி மாதிரி இருக்கு. பச்சத் தோலு இன்னா ஆவும்?"

எழுதி வைக்கச் சொன்னது:

– நனைந்தால் உடனே மாற்று. ராத்திரியும்.
– வெதுவெதுப்பான தண்ணீர், பஞ்சு. தேய்க்காதே, ஒற்றியெடு.
– பவுடர் கூடாது.
– நன்றாகக் காய்ந்த பிறகு தேங்காய் எண்ணெய், மெல்லிசாக.
– தினம் கொஞ்ச நேரம் துணியே இல்லாமல் விடு.
– கொப்புளம், சீழ், காய்ச்சல் என்றால் உடனே வா. மூன்று நாளில் குறையாவிட்டாலும் வா.

"அம்மா வரலியா?" என்றார். சொன்னேன். பிறகு அவரே பாப்பாவைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டார்.

நவ. 5, புதன்

கேன் தண்ணீர் பால் கலக்கவே சரியாக இருக்கிறது. கூரை முனையில் இரண்டு டிரம் வைத்தேன். மழைத் தண்ணீர். துணியெல்லாம் அதில் மூன்று அலசு. நுரை வந்துகொண்டே இருந்தது. எத்தனை நாள் சோப்போ. அடுப்புக்கு மேல் கயிறு கட்டிக் காயப்போட்டேன். துணியில் புகை வாசனை. பரவாயில்லை.

என் கைதான் பிரச்சினை. கயிறு இழுத்துக் காய்த்த கை. விரலால் தடவினால் கீறிவிடும். புறங்கையால் எண்ணெய் தடவினேன்.

நவ. 7, வெள்ளி

சிவப்பு வெளுத்துவிட்டது. மா. 4 மணிக்குப் பாயில் சும்மா விட்டேன். காலை உதைத்து விளையாட்டு. நைனா தூக்கினார், மடியில் மூத்திரம் போனாள். நைனா சிரித்தார். செல்வி போன பிறகு இந்த வீட்டில் முதல் சிரிப்பு.

செல்வியின் அக்கா ராணி அனுப்பம்பட்டிலிருந்து போன். "கொயந்தைய எங்கிட்ட குடு தம்பி. எம் புள்ளைங்க இஸ்கூலுக்குப் போய்ட்டா நான் சும்மாதான கீறேன்."

"புண்ணு ஆறிப்போச்சிக்கா. நானே பாத்துக்கறேன்." கொஞ்சம் திமிராகத்தான் சொன்னேன்.

நவ. 10, திங்கள்

ஏரியில் வலை போட எங்கள் முறை. விட்டால் அடுத்த முறை எப்போதோ. நைனாவிடம் எல்லாம் இரண்டு தரம் சொல்லிவிட்டு விடியலில் கிளம்பினேன். இறால் நன்றாகவே கிடைத்தது. திரும்பும்போது மா. 5.

தெருமுனையிலேயே அழுகை கேட்டது. தொண்டை கட்டிப்போன அழுகை.

"கண்ணு சரியா தெரியலப்பா, துணி கட்ட வரல. கடைல டயப்பர் வாங்கியாந்து போட்டேன். மேல தொட்டா காஞ்சிதான் இருந்துச்சி."

கா. 7 மணிக்குப் போட்டது. கழற்றினேன். தோல் உரிந்து, ஓர் இடத்தில் ரத்தம்.

நைனாவைத் திட்டிவிட்டேன். திட்டியிருக்கக் கூடாது. சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். சோறு தொடவில்லை.

நவ. 11, செவ்வாய்

மறுபடி ஆஸ்பத்திரி. களிம்பு கொடுத்தார்கள். சிஸ்டர் திட்டவில்லை. "நீ ஏரிக்குப் போனா யாருப்பா பாக்கறது?" என்று மட்டும் கேட்டார். 

வெளியே வந்து ராணி அக்காவுக்குப் போன் செய்தேன்.

நவ. 13, வியாழன்

அக்கா வந்தார். பையில்: துணி பதினொன்று, பால் டப்பா, களிம்பு, எண்ணெய், ஊசி அட்டை. கிலுகிலுப்பை.

"நல்ல தண்ணில மூணு தடவ அலசணும்க்கா."

"ரெண்டு பெத்தவகிட்ட சொல்றியே தம்பி."

ஆமாம். அவருக்குத் தெரியும்தான்.

பஸ் ஏறும்போது துணி நனைந்திருந்தது. "குடு, நான் மாத்திக்கறேன்" என்றார். நானே மாற்றினேன், பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் வைத்து. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். முடிச்சு விழவே இல்லை.

நைனா வழியனுப்ப வரவில்லை. நான் திட்டிய நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவும் இல்லை.

நவ. 14, வெள்ளி

ஏரிக்குப் போகவில்லை. மழை. காய்கிற துணி ஒன்றும் இல்லாமல் கயிறு.

நவ. 16, ஞாயிறு

வெயில். அக்கா போன்.

"புண்ணு சுத்தமா ஆறிட்ச்சி தம்பி."

"அழுவுறாளா?"

"அய்ய, யாரையும் தேடலப்பா. எங்கிட்ட ஒட்டிக்கிச்சி. நீ இன்னாத்துக்கு வீணா கவலப்பட்ற?"

நல்லதுக்கா என்றேன். வேறென்ன சொல்ல.

நைனா பக்கத்தில் வந்து நின்றார். "இன்னா சொல்லுச்சி?"

"புண்ணு ஆறிச்சாம் நைனா. ஆனா ராவும் பகலும் உன்னத் தேடி ஒரே அழுகையாம்."

நைனா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தேடும்டா. தேடாம?" என்றார். பிறகு தட்டை எடுத்துவந்து என் எதிரில் உட்கார்ந்தார்.