தாயைப் பற்றிய பகுதி

ஜூன் 4

அக்காவுக்கு,

'அன்புள்ள' என்று போட்டுத்தான் ஆரம்பித்தேன். பிறகு அடித்துவிட்டேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், விஷயம் அதோடு போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று உன் பெயருக்கு ஒரு தபால் வந்தது, நீ வீட்டிலிருந்தே படிக்கிற அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து. விடுமுறைக்கு இங்கே வந்திருந்தபோது எங்கள் முகவரியைக் கொடுத்திருக்கிறாய் போலிருக்கிறது. பாடப் புத்தகமாக இருக்கும், அனுப்பிவைக்கலாம் என்று பிரித்தேன். உள்ளே இருந்தது நாங்கள்.

"ஆய்வுக்குட்பட்ட குழந்தை: பெண், வயது ஒன்பது, அறிவுசார் குறைபாடு உடையவர்." நம் சிட்டுவுக்கு இவ்வளவு மரியாதை யாரும் கொடுத்ததில்லை.

பதினோரு நாள் நீ அவளோடு தரையில் உட்கார்ந்து கட்டை அடுக்கினாய், படச் சீட்டு காட்டினாய். என் பெண்ணோடு விளையாட ஒருத்தி வந்திருக்கிறாளே என்று நான் சமையலறையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நீ அடுத்த அறைக்குப் போய் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாய்.

உன் அறிக்கையின் நாலாம் பக்கத்தில் நான் வருகிறேன். "குழந்தையின் எல்லா வேலைகளையும் தாயே செய்துவிடுகிறார். குழந்தையின் முன்னேற்றத்துக்கு முதல் தடை தாயின் அளவுமீறிய அரவணைப்பே." ஓரத்தில் உங்கள் பேராசிரியர் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: "கூர்மையான கவனிப்பு. தாயைப் பற்றிய பகுதி மிக நன்று."

மிக நன்றாம்.

இப்படிக்கு,
முதல் தடை


ஜூன் 11

என் அருமைத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில், ஆசிரியர் அறையில் வைத்துப் படித்தேன். பக்கத்தில் இருந்த தமிழ் டீச்சர், "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டாள். முகம் அப்படிப் போயிருந்திருக்கிறது.

உன்னிடம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். தப்புதான். ஆனால் நான் பொழுதுபோகாமல் இந்தச் சிறப்புக் கல்விப் படிப்பில் சேரவில்லை. இருபது வருஷமாகக் கணக்கு டீச்சர். கணக்கு ஏறாத பிள்ளைகளைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, ஏறியவர்களுக்கு மட்டும் பாடம் நடத்திச் சம்பளம் வாங்கியிருக்கிறேன். போன வருஷம் அப்படி ஒரு பெண் பாதியில் நின்றுவிட்டாள். காரணம் கேட்டதற்கு அவள் அப்பா, "நீங்க அவளைப் பார்த்ததே இல்லையாம் டீச்சர்," என்றார். அந்த வாரம்தான் விண்ணப்பம் போட்டேன்.

வாரக் கடைசியில் போன் திரையில் வகுப்பு. மற்றதெல்லாம் புத்தகமும் நானும்தான். ஒரு குழந்தையைக் கூடவே இருந்து கவனித்து அறிக்கை எழுதினால்தான் கற்பித்தல் பயிற்சிக்கு விடுவார்கள். இங்கே இருக்கும் சிறப்புப் பள்ளியில் இரண்டு தடவை கேட்டேன். மாட்டேன் என்றுவிட்டார்கள். அப்புறம்தான் உன் வீட்டுக்கு வந்தேன். அறிக்கையில் யார் பெயரும் இல்லை.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. நான் எழுதியதில் எது பொய்? சிட்டுவுக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியும். என்னிடம் போட்டுக் காட்டினாள். நீ அறைக்குள் வந்ததும் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள்.

அன்புடன்,
அக்கா


ஜூன் 17

அக்கா,

கோபிக்காதே என்று எழுதிவிட்டு அதற்கு அடுத்த வரியிலேயே கோபப்பட வைக்க உன்னால்தான் முடியும்.

எது பொய் என்றா கேட்கிறாய்? பொத்தான் அவளே போட்டால் இருபத்தைந்து நிமிஷம் ஆகும். பள்ளி வேன் ஏழு நாற்பதுக்கு வரும். டிரைவர் இரண்டு நிமிஷம் நிற்பார், மூன்றாவது நிமிஷம் ஹாரன் அடிப்பார். ஹாரன் சத்தம் கேட்டால் இவள் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். அப்புறம் அன்றைக்கு அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, நானும் வேலைக்குப் போக முடியாது. நீ வந்தது லீவு நாளில். வேனையே நீ பார்க்கவில்லை. பார்க்காததை எழுதாமல் விட்டால் அது பொய் இல்லையா?

என் வீட்டுக்காரரைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது. "தந்தை ஆதரவானவர்." உன்னைப் பேருந்து நிலையத்தில் கொண்டுபோய் விட்டாரே, அதற்கா? ஒன்பது வருஷத்தில் அவர் அவளுக்கு ஒரு தடவை தலை வாரியது கிடையாது. அவருக்கு ஆதரவானவர் பட்டம், எனக்குத் தடை பட்டம்.

இதோடு நிறுத்தலாம் என்றுதான் இருந்தேன். நேற்று கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். பெற்றோர் சம்மதப் படிவம். அதில் என் கையெழுத்து. நான் போடாத என் கையெழுத்து. சுழி கூடத் தப்பவில்லை. ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தைப் போட்டுப் பழகிய கை, சும்மா சொல்லக் கூடாது.

அப்போது சிரித்தேன், அக்கா. உனக்காகப் பொய்யும் சொன்னேன். இப்போது சிரிப்பு வரவில்லை. என் பெண்ணை யார் தொடலாம், யார் பார்க்கலாம், யார் எழுதலாம் என்று சொல்ல எனக்கு இருக்கிறது ஒரே ஒரு கையெழுத்துதான். அதையும் எடுத்துக்கொண்டாய். அவளோடு நீ விளையாடியது அத்தனையும் நடிப்பு என்றுதான் இனி நினைப்பேன்.

இனி எழுதாதே.


ஜூன் 29

தங்கச்சிக்கு,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை துறைத் தலைவருக்கு எழுதிவிட்டேன். சம்மதக் கையெழுத்தைப் போட்டது நான், தாய்க்கு எதுவும் தெரியாது, அறிக்கையை நீக்கிவிடுங்கள் என்று. நேற்று விசாரணை, போன் திரையிலேயே. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். "உங்க அனுபவத்துக்கு இது தேவையாம்மா?" என்று ஒருவர் கேட்டார். என் மாணவிகளிடம் நான் கேட்கிற அதே குரல்.

அறிக்கை ரத்து. இந்த வருஷம் பயிற்சி கிடையாது. அடுத்த வருஷம் முதலிலிருந்து. சேர்த்துக்கொள்வார்களா என்பதையும் அப்புறம்தான் சொல்வார்களாம்.

ஏன் உன்னிடம் கேட்கவில்லை தெரியுமா? கேட்டால் நீ முடியாது என்பாய். முடியாது என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கேட்கவில்லை. இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு அவ்வளவு ஆத்திரமாக வருகிறது.

ஆனால் ஒன்றை மட்டும் ஏற்க மாட்டேன். சிட்டுவோடு விளையாடியது நடிப்பு என்றாயே, அதற்காக உன் மேல் எனக்கும் கோபம் உண்டு. நான் நடிக்கவில்லை. கட்டைக் கோபுரம் சரிந்தபோது சிட்டு என் மடியில் விழுந்து சிரித்தாளே, அது எந்த நோட்டிலும் இல்லை.

அக்கா


ஜூலை 8

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே இன்னொன்றும் வந்தது. சிட்டுவின் பள்ளியிலிருந்து. "தங்கள் குழந்தையின் தேவைகளுக்கு ஏற்ற மாற்றிடம் குறித்துக் கலந்தாலோசிக்க" வரச் சொல்லியிருக்கிறார்கள். நாலு தடவை படித்தேன். வெளியே போ என்பதை இவ்வளவு மெதுவாகவும் சொல்லலாம் என்று எனக்குத் தெரியாது.

இவர், "அவங்க சொல்றதும் சரிதானேம்மா," என்றார். அதற்குப் பிறகு நான் அவரோடு பேசவில்லை.

தலைமையாசிரியை எப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியும். உன் அறிக்கையில் இருக்கிற மாதிரிதான். தடை, மதிப்பீடு, பொருத்தம். எதிரே உட்கார்ந்தால் சரிங்க சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். அந்தப் பாஷை உனக்குத் தெரியும். அவளை வெளியே அனுப்ப அவர்களுக்கு அதிகாரம் உண்டா, எதைக் கேட்க வேண்டும், எதில் கையெழுத்துப் போடக் கூடாது என்பதெல்லாம் நீ படித்திருப்பாய். ஒரு வருஷம் போனாலும் படித்தது எங்கும் போயிருக்காது.

பதினெட்டாம் தேதி, காலை பத்து மணி. முந்தின நாளே வந்துவிடு. நோட்டு கொண்டுவராதே. என்ன பேச வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடு. பேசுவது நான்தான். நான் திக்கினால் மட்டும் நீ வாயைத் திற.

உன் மேல் கோபம் தீரவில்லை. தீரட்டும் என்று காத்திருந்தால் தேதி போய்விடும். வா.

தங்கச்சி