றோலண்டின் வலது கை

1979 பெப்ரவரி 13

மெய்யியல் பாடக் குறிப்புகளின் நான்காவது கட்டு ஹட்டனிலிருந்து தபாலில் வந்தது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டே வீட்டிலிருந்து படிக்கிறேன்; டிசம்பரில் வெளிவாரிப் பட்டப் பரீட்சை. இந்தக் கட்டு முழுவதும் புலனறிவு பற்றியது. நெருப்பில் சூடு இல்லையாம். தேயிலையில் கசப்பு இல்லையாம். எல்லாம் நமக்குள்ளேதான். பொருள் வேறு, மனதில் விழும் அதன் சாயல் வேறு. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரர்கள் இதற்காக மாய்ந்து மாய்ந்து சண்டை போட்டிருக்கிறார்கள்.

தம்பி றோலண்ட் ஸ்டோருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். அந்தத் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து உருட்டுகிற ரோலரில் அவனுக்கு வேலை. அவனிடம் சொன்னேன். "அப்ப அந்த அடுப்பு மேல ஏறி ஒக்காந்து படி அக்கா" என்று சிரித்துக்கொண்டே போனான்.

பெப்ரவரி 27

றோலண்டின் வலது கை ரோலரில் சிக்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். வேறொன்றும் எழுத முடியவில்லை.

மார்ச் 19

வீட்டுக்கு வந்துவிட்டான். இருபத்திரண்டு வயது.

ரோலரை நிறுத்தி அவனைக் காப்பாற்றியவர் கூட வேலை செய்யும் செல்லசாமி அண்ணன். ஆஸ்பத்திரியிலிருந்து கையைத் துணியில் சுற்றி வாங்கிவந்து, தோட்டத்துக் கல்லறையில் புதைத்தவரும் அவர்தான். அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

இன்று பாயில் றோலண்டின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "கொஞ்சம் தள்ளி ஒக்காருக்கா. கை மேல ஒக்காந்திருக்க" என்றான்.

தள்ளி உட்கார்ந்தேன். வெறும் பாய்.

மார்ச் 30

விரல்கள் மூடிக்கொண்டிருக்கின்றனவாம். திறக்க முடியவில்லையாம். நகங்கள் உள்ளங்கைக்குள் இறங்குகின்றன என்கிறான். நெற்றியெல்லாம் வியர்வை. தோட்டத்து மருந்துக்காரர் நரம்பு என்றார். ஸ்டோரில் நடிப்பு என்கிறார்களாம்.

அம்மா சொல்வது வேறு. "பொதைக்கையில வெரல நீட்டி வச்சிருக்கணும். மூடுனபடியே மண்ணுக்குள்ள கெடக்குது. எம்புள்ளைக்கு வலிக்காதா?"

அவளை அதட்டினேன். ஆனால் அவள் சொன்னதிலிருந்து கல்லறைப் பக்கத்துக் குறுக்குப் பாதையில் நான் பள்ளிக்கூடம் போவதில்லை. ஏன்?

ஏப்ரல் 8

குறிப்பில் ஒரு பெண் வருகிறாள். கை அழுகிப்போய், கண்ணைக் கட்டிவிட்டு வெட்டி எடுத்திருக்கிறார்கள். அவளுக்கு அது தெரியாது. இந்த விரல் வலிக்கிறது, அந்த விரல் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம். ஆகவே வலி கையில் இல்லை, மனதில்தான் என்று முடிக்கிறார் இதை எழுதிய பிரெஞ்சுத் தத்துவக்காரர். பிறகு அவளுக்கு என்ன ஆயிற்று? ஒரு வரி இல்லை.

ஆறுதலாக இருக்கும் என்று றோலண்டுக்கு வாசித்துக் காட்டினேன். முட்டாள் நான்.

"மனசுல இருக்குன்னா மனசத் தோண்டி எடு பாப்பம்" என்றான். "முடியாதுல்ல? மண்ணத் தோண்டலாம்ல?"

ஏப்ரல் 22

வெட்டியதுபோக மிச்சமிருக்கும் குறைக்கையைச் சுவரில் அடித்து அடித்து, ஆறிவந்த காயத்தைப் பிளந்துகொண்டான். சுவரெல்லாம் இரத்தம். "தோண்டுறியா இல்லையாக்கா?" — அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

ஏப்ரல் 23

இடத்தைக் காட்டச் சொல்லி செல்லசாமி அண்ணனிடம் போனேன்.

"அங்க கை இல்ல டீச்சர்."

"என்ன சொல்றீங்க?"

"நான் போய்க் கேக்கிறதுக்குள்ள ஆஸ்பத்திரியில எரிச்சிட்டாங்க. ஒங்கம்மா வாசல்லயே காத்துக்கிட்டு இருந்தாங்க. எப்பிடி வெறுமனே வர்றது? தேயிலைச் செடிக் கட்டை ஒண்ணத் துணியில சுத்திக் கொண்டாந்து பொதைச்சிட்டேன்."

அழுதார். நான் அழவில்லை. எரிந்துபோன கை எப்படி விரல்களை மூடிக்கொண்டிருக்கும்?

ஏப்ரல் 25

காலையில் நானும் செல்லசாமி அண்ணனும் போய் நிஜமாகவே தோண்டினோம். மண் ஒட்டாத கையோடு வீட்டுக்குத் திரும்ப முடியாது. பனி இறங்கியிருந்தது. துணி கறுத்திருந்தது. பிரித்தேன். வளைந்த ஒரு தேயிலைக் கட்டை. செல்லசாமி அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதை நேராகக் கிடத்தி மூடினேன். எதற்காக அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை.

"நீட்டி விட்டாச்சு" என்றேன் றோலண்டிடம்.

"எல்லாமா?"

"எல்லாம்."

"சுண்டு வெரலு?"

"அதுவுந்தான்."

கண்ணை மூடினான். தோள் மெல்ல இறங்குவதைப் பார்த்தேன். சாயங்காலம் வரை தூங்கினான். வலி இல்லை என்றான். அம்மா சேலைத் தலைப்பால் என் கையிலிருந்த மண்ணைத் துடைத்து அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மே 6

ஞாயிறு பூசை. இல்லாத கைக்கு அவ்வளவு வலி. நடக்காத ஒன்றால் அது தீர்ந்தும் போயிற்று. அப்படியானால் காலையும் மாலையும் ஜெபத்தில் யாரிடம் பேசுகிறேனோ, அவர் என் பக்கத்தில் நிற்பதாக நான் உணர்வதும் இப்படித்தானா?

நற்கருணை வாங்கப் போகவில்லை. தலைவலி என்று அம்மாவிடம் பொய்.

செப்டம்பர் 2

இந்தியப் பிரஜாவுரிமை கிடைத்து, செல்லசாமி அண்ணன் குடும்பத்தோடு இந்தியாவுக்கே போகிறார். ஹட்டன் ஸ்டேசனில் வழியனுப்பினோம். றோலண்ட் இடது கையால் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். ரயில் ஏறும்முன் என்னிடம் மெதுவாக, "அது ஒங்களோட இருக்கட்டும் டீச்சர்" என்றார்.

இனி இதைத் தெரிந்தவள் நான் ஒருத்தி.

டிசம்பர் 12

பரீட்சை. நாம் அறிவது பொருளையா, மனதிலுள்ள அதன் பதிவையா? — எதிர்பார்த்த கேள்வி. ஆறு பக்கம் எழுதினேன். கை வெட்டப்பட்ட அந்தப் பெண்ணைப் பற்றி எழுதவந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது.

1980 மே 14

இரண்டாம் பாடவேளையில் றோலண்ட் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றான். இப்போது அவனுக்கு ஸ்டோர் கேட்டில் காவல் வேலை. பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பினேன்.

"கை போயிருச்சுக்கா."

கொஞ்ச நாளாகவே அந்த இல்லாத கை குட்டையாகிக்கொண்டு வந்ததாம். கடைசியில் விரல்கள் மட்டும் தோளுக்குக் கிட்டே இருந்தனவாம். இன்று காலையில் முகம் கழுவும்போது தேடினான். இல்லை.

"நல்லதுதானேடா. இனி வலியே வராது."

"வலிச்சாலும் இருந்துச்சுல்லக்கா."

வகுப்பு வாங்குப் பலகையில் தலையைச் சாய்த்து அழுதான். விபத்து நடந்த அன்றுகூட அவன் இப்படி அழவில்லை.

மே 18

கைக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்த வேண்டும் என்றான். பூசை முடிந்து மூவரும் கல்லறைக்குப் போனோம். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்தேன். அவன் ஒற்றைக் கையால் மண்ணைத் தட்டிச் சமப்படுத்தியதைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். அவனுக்கு அழுவதற்கு இந்த ஓர் இடம்தான் இருக்கிறது.

காற்றில் திரி இரண்டு முறை அணைந்தது. மூன்றாம் முறை அம்மா சேலையால் மறைத்துப் பிடித்தாள். நானும் முழந்தாளிட்டு ஜெபித்தேன். நடிக்கவில்லை.