தன் சாப்பாட்டுத் தட்டைப் பற்றிப் பிரசங்கித்த போதகருக்கு

ஐயா,

இன்று காலை ஆராதனை முடிந்ததும் கோயில் வளவில் இலைக்கஞ்சிக் கிடாரத்தின் மூடியைத் திறந்தேன். வல்லாரையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து கொதித்த வாசனை முகத்தில் வந்து அடித்தது. புதிதாக மாற்றலாகி வந்திருக்கும் போதகர் பக்கத்தில் நின்றார். கோப்பையை நீட்டியபடி கேட்டார்:

"அண்ணன், மத்தச் சபைகளில ஆராதனை முடிஞ்சா கேக்கும் பால்தேத்தண்ணியும்தானே குடுப்பாங்க. இஞ்ச இந்தப் பழக்கத்த ஆர் தொடங்கின?"

உங்கள் பெயரைச் சொன்னேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது, நான் கஞ்சியை ஊற்றிக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கு வந்து குளித்து உட்கார்ந்த பிறகும் அவருடைய கேள்வி என்னை விடவில்லை. நான் கடிதம் எழுதிப் பழகிய ஆளல்ல என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

நீங்கள் எங்கள் கல்லடிச் சபைக்கு வந்தபோது உங்களுக்கு நாற்பது வயது இருக்கும். எனக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது. கதிரவெளியில் கரைவலை இழுக்கும் குடும்பத்தில் பிறந்தவன் என்று முதல் நாளே சொன்னீர்கள். அகன்ற தோள், பெரிய வயிறு, அதைவிடப் பெரிய சிரிப்பு. சபையில் கல்யாணம், ஞானஸ்நானம், விளைச்சல் பெருநாள், கிறிஸ்மஸ் எதுவென்றாலும் சமையல் என் பொறுப்பு. அதுதான் நான் ஆண்டவருக்குச் செய்யும் ஊழியம் என்று நினைத்திருந்தேன். சாப்பாட்டை நீங்கள் ரசித்ததைப் போல அதற்கு முன் எந்தப் போதகரும் ரசித்ததில்லை. மூன்றாம் முறையும் தட்டை நீட்டுவீர்கள்.

"அருளண்ணன், நான் அரை மணித்தியாலம் கத்தியும் சிரிக்காத சனம், உங்கட புரியாணியக் கண்டவுடன சிரிக்குது."

அந்த ஒரு வார்த்தைக்காகவே அடுத்த முறை நெய்யைக் கூட்டி ஊற்றினேன்.

பிறகு அந்தக் கெட்ட வருஷம் வந்தது. பாடகர் குழுவில் எல்லோருக்கும் கீழே நின்று கனத்த குரலில் பாடுகிறவருக்குச் சீனி வருத்தத்தில் புண் ஆறாமல் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். சில மாதங்களில் ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவர், இரண்டு பிள்ளைகளின் தாய், உயர் இரத்த அழுத்தத்தால் விழுந்து எழும்பவேயில்லை. அவருடைய நினைவு ஆராதனைக்கும் நான்தான் சமைத்தேன். பன்றி இறைச்சிக் கறி, பொரித்த கோழி, கடைசியில் இனிப்புக்கு வட்டிலப்பம். நீங்கள் தட்டை எடுத்தீர்கள், கொஞ்ச நேரம் பார்த்தீர்கள், அப்படியே திரும்ப வைத்துவிட்டீர்கள். அது எனக்குக் குத்தியது. ருசி பிடிக்கவில்லை என்று நினைத்தேன்.

அதன் பின் இரண்டு ஞாயிறுகள் நீங்கள் வரவில்லை. கொழும்புக்கு அலுவலாகப் போயிருப்பதாகச் சொன்னார்கள். திரும்பி வந்தது லெந்து தவக்காலத்தின் முதல் ஞாயிறு. பிரசங்க பீடத்தில் ஏறி, வேதாகமத்தை மூடி வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினீர்கள். அன்று நீங்கள் பேசியது அச்சடித்ததுபோல எனக்குள் இருக்கிறது.

"நான் இந்த இடத்தில நிண்டு சாராயத்தைப் பற்றி எத்தின தரம் கத்தியிருக்கன். என்ட தட்டைப் பற்றி ஒரு நாளும் பேசல்ல. எனக்கு ஆறு வருஷமாச் சீனி இரிக்கு. கிளினிக்குக்குப் போகாம, போனன் எண்டு மனிசிக்குப் பொய் சொல்லியிருக்கன். குடிக்கிறவன் செய்யிறதும் அதுதானே? உங்களுக்கு முன்னால மன்னிப்புக் கேக்கன்."

போதகர்கள் எங்கள் பாவத்தைச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். தங்கள் பாவத்தைச் சொல்லி அன்றுதான் கேட்டோம். பிறகு நீங்கள் ஒன்றே ஒன்றைக் கேட்டீர்கள்: இந்த நாற்பது நாளும் சபையின் பொது மேசையில் எண்ணெய்ப் பலகாரமும் சீனியும் வேண்டாம், அதற்குப் பதிலாக இலைக்கஞ்சி கொடுப்போம் என்று.

வெளியே வந்ததும் முணுமுணுப்புத் தொடங்கியது. "எழுப்புதல் கூட்டம் வைக்கச் சொன்னா, இவர் கஞ்சி வைக்காரு" என்று சபை மூப்பர் ஒருவர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். நானும் சிரித்தேன். சிரித்தாலும் உள்ளே எரிந்தது. அத்தனை பேர் முன்னாலும் என் சமையலைக் குற்றம் சொன்னதாகவே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். என் மனைவி றோசலின் கதிரையை இழுத்துப் போட்டாள். நான் இருக்கச் சொல்லவில்லை.

"வேற ஆளப் பாருங்க ஐயா. நான் கஞ்சி காய்ச்சுற ஆளில்ல."

"வேற ஆள் வேணா அண்ணன். சனம் உங்கட கையை நம்பிச் சாப்பிடுது. நான் இலைகுழையைப் பற்றிச் சொன்னா நித்திரை கொள்ளுவாங்க. நீங்க ஆக்கினா கேட்டு வாங்கிக் குடிப்பாங்க."

"அப்ப இவ்வளவு காலமும் நான் ஆக்கினது நஞ்சா?"

தலையைக் குனிந்துகொண்டு சொன்னீர்கள்: "நீங்க அன்பாத்தான் ஆக்கின. நான்தான் காணும், போதும் எண்டு சொல்லத் தெரியாம இருந்திட்டன்."

அதற்கும் நான் இளகவில்லை. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினேன். அந்த ஞாயிறு நீங்களே விடியற்காலையில் அடுப்பு மூட்டிக் கஞ்சி காய்ச்சினீர்கள். நான் மதிலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அரிசி அடிப்பிடித்துவிட்டது. தேங்காய்ப்பாலைத் தொடக்கத்திலேயே ஊற்றித் திரள வைத்துவிட்டீர்கள். உப்பு போடவே இல்லை. சனம் கோப்பையை வாங்கிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. நீங்களோ முகம் சுளிக்காமல் முழுவதும் குடித்துவிட்டு, "ஆண்டவரே, இதையும் ஆசீர்வதியும்" என்றீர்கள். சிறுபிள்ளைகள் முதல் கிழவர்கள் வரை சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல அரிசியும் நல்ல இலையும் அப்படிப் பாழாவதை ஒரு சமையல்காரனால் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நிற்க முடியும்? உள்ளே வந்து உங்கள் கையிலிருந்த அகப்பையைப் பறித்தேன். "தள்ளுங்க ஐயா" என்றேன். நீங்கள் தள்ளி நின்றீர்கள்.

அடுத்த ஞாயிறு என் கஞ்சி. சிவப்பரிசியை வறுத்துக் குருணலாக இடித்து, வல்லாரையை அரைத்துச் சாறு எடுத்து, இறக்குகிற நேரம் பால் விட்டு, இஞ்சி கொஞ்சம் தட்டிப் போட்டேன். கிடாரம் காலியானது. மறுவாரம் குரக்கன் மாப் பிட்டும் முருங்கையிலைச் சுண்டலும். அதற்கடுத்த வாரம் அவித்த மரவள்ளியும் வாவி மீன் புளியாணமும். இதெல்லாம் எங்கள் வீடுகளில் இருந்த சாப்பாடுதான், கோயில் மேசைக்கு ஏற்றதல்ல என்று நாங்கள் ஒதுக்கி வைத்திருந்தோம், அவ்வளவுதான்.

ஆனால் ஐயா, சாப்பாடு மாறியதை மட்டும் எழுதினால் நான் பாதியைத்தான் எழுதியவனாவேன். புதன்கிழமை ஜெபக்கூட்டம் மாறியதல்லவா? முன்பெல்லாம் யாரும் உண்மையைச் சொல்லி ஜெபிக்கக் கேட்டதில்லை. பிள்ளைக்குப் பரீட்சை, பயணம் நல்லபடி நடக்க வேண்டும், இவ்வளவுதான். உங்கள் பிரசங்கத்துக்குப் பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். ஒருவர் தன் குடியைச் சொன்னார். இன்னொருவர் அண்ணனோடு பேசாமல் இருக்கும் கதையைச் சொன்னார். மூன்றாவது புதனோ நான்காவது புதனோ, றோசலின் எழும்பி நின்றாள். சபையில் அவள் பேசி நான் கேட்டதேயில்லை.

"எனக்கு நாலு வருஷமாச் சீனி வருத்தம். இவருக்குச் சொல்லல்ல. சமைச்சிட்டு முதல் வாய் எனக்குத்தான் தாறவர். நான் சாப்பிட்டா இவருக்கு முகம் மலரும். அத இல்லாமச் செய்ய மனம் வரல்ல."

நாலு வருஷம். ஒவ்வொரு பெருநாளும் வட்டிலப்பத்தில் முதல் கரண்டியை அவளுக்கு ஊட்டியிருக்கிறேன். எழும்பி வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றேன். நீங்கள் பின்னால் வந்தீர்கள். வசனம் எதுவும் சொல்லவில்லை. தோளில் கை போட்டு, நான் அழுது முடிக்கும் வரை நின்றீர்கள். கடைசியில் ஒரே ஒரு வார்த்தை:

"நாளைக்கு கிளினிக் நாள் அண்ணன். மூண்டு பேரும் போவம்."

போனோம். நீண்ட மர வாங்கில் மூவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். உங்கள் இலக்கத்தைக் கூப்பிட்டபோது பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினீர்கள். எனக்கும் இரத்தப் பிறசர் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

லெந்து முடிந்தது. உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகும் சனம் கஞ்சியைக் கேட்டது. அந்த மூப்பரே வீட்டுக் கொல்லையில் பறித்த பொன்னாங்கண்ணிக் கட்டோடு வந்தார். கிறிஸ்மசுக்கு என்ன செய்வது என்று நான் தயங்கிக் கேட்டபோது, "புரியாணி போடுங்க அண்ணன். பெருநாள் பெருநாள்தான். கிழமைக்குக் கிழமை பெருநாளாக்கினதுதான் நம்மட பிழை" என்றீர்கள். சாப்பாட்டை நீங்கள் ஒருபோதும் பாவம் ஆக்கவில்லை. யாருடைய தட்டையும் எட்டிப் பார்த்ததில்லை. அதனால்தான் உங்கள் பேச்சு எடுபட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

இரண்டாம் வருஷம் நீங்களே கஞ்சி குடிப்பதை விட்டுவிட்டீர்கள். எல்லோரும் கோப்பையோடு நிற்க, நீங்கள் வெறுந்தேத்தண்ணியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பீர்கள். நான் பகிடி பண்ணினேன்: "என்ன ஐயா, எங்களக் குடிக்க வெச்சிட்டு நீங்க நழுவப் பாக்கிறீங்க?" நீங்கள் சிரித்தீர்கள். உங்கள் கால் வீங்கத் தொடங்கியதை நான் கவனித்திருக்க வேண்டும். பிறகு ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கப் போய் வந்தீர்கள். அடுத்த மழைக்காலத்தில் உங்களை அடக்கம் செய்தோம். உங்கள் விருப்பப்படி கதிரவெளியில், கடல் இரைச்சல் கேட்கும் இடத்தில்.

நான் கடவுளோடு கோபித்துக்கொண்டேன். இவ்வளவு கட்டுப்பாடாக இருந்த மனிதனை ஏன் எடுத்தீர் என்று. முப்பத்தோராம் நாள் நினைவு ஜெபத்தில் உங்கள் மனைவியிடம் அதைச் சொன்னபோதுதான் அவர் மெதுவாகச் சொன்னார்:

"அந்த ரெண்டு கிழமையும் கொழும்பில டொக்டரிட்டத்தான் இருந்தவர். கிட்னி ரெண்டும் பழுதாப் போயிட்டு, இனிச் சாப்பாட்டக் குறைச்சாலும் கொஞ்சக் காலத்த இழுக்கலாம், அவ்வளவுதான் எண்டு சொல்லிட்டாங்க. வரக்குள்ள பஸ்ஸில சொன்னாரு, 'எனக்குப் பிந்திட்டு. சபைக்குப் பிந்தல்ல' எண்டு. பிறகு இலைகுழையும் உடம்புக்குக் கூடாதெண்டு டொக்டர் மறிச்சிட்டாரு. அதுதான் கஞ்சியத் தொடல்ல."

நான் செய்த பகிடி நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. அதோடு கோபமும் வந்தது. எங்களை எல்லாம் வாய் திறக்க வைத்துவிட்டு நீங்கள் மட்டும் இதை மூடி வைத்தீர்களே. அதையும் கேட்டேன். "சொல்லியிருந்தா அவருக்காக இரக்கப்பட்டுச் செய்திருப்பீங்க. உங்களுக்காக நீங்க செய்யவேணும் எண்டுதான் அவருக்கு" என்றார் உங்கள் மனைவி.

ஐயா, உங்களைப் போல இன்னொரு தைரியசாலியை நான் கண்டதில்லை. தனக்கு இனிப் பயனில்லை என்று தெரிந்தும் பிரசங்க பீடத்தில் ஏறி, தன்னைத் தாழ்த்தி, அடிப்பிடித்த கஞ்சியைக் குடித்துச் சிரிப்பதற்கு எப்படி முடிந்தது? றோசலினுக்கு இப்போது சீனி கட்டுக்குள் இருக்கிறது. வல்லாரை வாங்க நான் பிந்தினால் ஏசுகிறாள்.

போன லெந்து காலத்தில் கதிரவெளிச் சபையார் என்னைச் சமைக்கக் கூப்பிட்டார்கள். சாப்பாட்டுக்கு முன் ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். அகப்பையை மேசையில் வைத்துவிட்டு ஆட்களுக்கு முன்னால் போய் நின்றேன். உங்களை நினைத்துக்கொண்டு, உங்கள் வழியில் என் பிழையிலிருந்தே தொடங்கினேன். "நான் ஒரு சமையல்காரன். என்ட மனிசிக்குச் சீனி எண்டு தெரியாம நாலு வருஷம் இனிப்பு ஊட்டினவன்" என்றேன். வேறென்ன சொன்னேன் என்று நினைவில்லை.

எல்லோரும் சாப்பிட்டுக் கலைந்த பிறகு ஒருவர் வந்து நின்றார். அதே அகன்ற தோள். உங்கள் தம்பி. இன்னும் கரைவலைக்குப் போகிறாராம்.

"அண்ணன், எனக்கும் இரிக்கு" என்றார். "வீட்டில தெரியா. அண்ணா செத்ததோட சொல்லப் பயம்."

எனக்கு வசனம் தெரியாது. "வாங்க, உங்கட வீட்டுக்குப் போவம்" என்றேன். மணலில் இருவரும் நடந்து போனோம். முற்றத்தில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவி எங்களைக் கண்டு நிமிர்ந்தார். உங்கள் தம்பி சொல்லத் தொடங்கினார். அவர் சொல்லி முடிக்கும் வரை நான் அவருடைய தோளில் கை போட்டுக்கொண்டு நின்றேன்.

உங்கள் அன்புள்ள,
அருளண்ணன்