டெண்டர் பெட்டியில் போட்டுவிட்டேன்

சேரப்பணஞ்சேரி,
6.8.1991

அன்புள்ள மாமாவுக்கு,

பாப்பாவும் நானும் நலம்.

தண்ணீர் வண்டி டெண்டர் போடக்கூடாது என்று உங்களை மிரட்டி ஊரைவிட்டே போக வைத்த ஏகாம்பரத்தின் ஆட்கள், இன்று யூனியன் ஆபீஸ் வாசலில் ஆண்களையெல்லாம் மறித்தார்கள். பாப்பாவை இடுப்பில் வைத்திருந்த என்னை மறிக்கவில்லை. நீங்கள் ஒட்டிவைத்திருந்த கவரை முந்தானைக்குள் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டுவிட்டேன். உங்களைக் கேட்காமல் செய்தது தப்புதான்.

பிரித்தபோது நம்முடையதுதான் குறைந்த தொகை. உங்கள் பெயரை உரக்கப் படித்தார்கள்.

வெளியே வந்ததும் ஏகாம்பரம், "இன்னாம்மா, உன் வூட்டுக்காரரு எந்த ஊர்ல கீறாரு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். தெரியாது என்றேன். பாப்பாவின் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் நீங்கள் நேரில் வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். வாருங்கள் என்று எழுதப் பயமாக இருக்கிறது. வரவேண்டாம் என்று எழுதவும் மனம் வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மனைவி