பிரேக் டிஸ்க்கில் வைத்த பொட்டு

என் கீதாவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று எழுதப் போன கையை நிறுத்திக்கொண்டேன். நான் இருக்கிற லட்சணத்தைச் சொல்கிறேன். அலுப்பாக இருக்கிறது. உடம்பு அலுப்பென்றால் தூங்கினால் போய்விடும். இது நான் எழுந்தால் கூடவே எழுந்து பல் தேய்க்க வருகிறது.

மோட்டார் மறுபடியும் ரிப்பேர். ஏரிப் பக்கத்துத் தெருவில் பள்ளம் தோண்டிவிட்டு, மூட ஆளைக் காணோம். ஆபீஸ் போகிறேன், வருகிறேன், குக்கர் வைக்கிறேன். ரசம் இன்னும் உன் ரசம் மாதிரி வரவில்லை. வராது, விடு. இதையெல்லாம் சொல்ல நான் உட்காரவில்லை. உன் சைக்கிள் விஷயமாக உன்னிடம் பேச வேண்டும்.

நாற்பத்தைந்து வயதில், பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர், முன்னாலும் பின்னாலும் சஸ்பென்ஷன் வைத்த ஆல் மவுண்டன் சைக்கிளைச் சிட்லபாக்கத்தில் கொண்டுவந்து இறக்கினாய். "தாம்பரத்துல ஏதுடி மலை?" என்று கேட்டேன். "பச்சைமலை என்னவாம், குன்றத்தூர் என்னவாம்? உங்க கண்ணுக்கு ஜிஎஸ்டி ரோடு மட்டும்தான் தெரியும்" என்றாய். காலனியே சிரித்தது. நீ ஹெல்மெட் வாரைத் தாடைக்குக் கீழே இறுக்கிக்கொண்டு உன் பாட்டுக்குப் போனாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ எந்தப் பாறை மேல் இறங்கிக்கொண்டிருந்தாயோ, நான் போர்வைக்குள் இருந்தேன்.

போன வருஷம் நமக்குப் பண்டிகை இல்லை. சைக்கிள் பால்கனியில் பழைய பெட்ஷீட்டுக்கு அடியில் நின்றது. வருஷ திவசம் முடிந்து, இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாளே வசந்தா அக்கா காட்டாங்குளத்தூரிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். தம்பி வீட்டில் விளக்கேற்ற ஆளில்லை என்று நினைத்திருப்பாள். பெட்ஷீட்டை எடுத்துப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எப்படி வச்சிருந்த வண்டிடா இது. மங்கிப் போய்க் கெடக்குது பாரு."

என் பழைய வேட்டியைக் கிழித்தாள். நல்லெண்ணெயில் நனைத்தாள். ஹேண்டில்பார், பெடல், கம்பி ஒன்று விடாமல் துடைத்தாள். இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் வட்டமாகத் தகடு இருக்குமே, அது லேசாக நிறம் மாறியிருந்தது. அதைக் குத்துவிளக்கு மாதிரி தேய்த்துப் பளபளக்க வைத்து, சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் வைத்தாள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மனசுக்கு இதமாகக்கூட இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

நீ பூஜை போடும்போது ஃப்ரேமில் மட்டும்தான் பொட்டு வைப்பாய். சக்கரத்துப் பக்கம் யாரையும் விட மாட்டாய். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

பூஜையில் வைத்த வண்டியை விஜயதசமி காலையில் எடுத்து ஓட்டியாக வேண்டும் அல்லவா? யாழினி உன் ஹெல்மெட்டோடு வந்து நின்றாள். அம்மா முதல் முதலாகப் போன இடத்துக்கே போகிறாளாம், குன்றத்தூருக்கு. நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன்.

"அப்பா, ஸ்கூட்டர்ல பின்னாடியே வந்து மானத்த வாங்காத."

"பெட்ரோல் போட அந்தப் பக்கம் போறேன்" என்றேன். பம்மல், அனகாபுத்தூர் என்று வழியெல்லாம் அவளுக்குப் பின்னாலேயே பெட்ரோல் போடப் போனேன்.

கிளம்பும் முன் அவள் எல்லாம் சரியாகத்தான் பார்த்தாள், அதைச் சொல்லிவிடுகிறேன். காற்று பார்த்தாள். செயினுக்கு எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்தாள். வண்டியை ஒரு சாண் தூக்கித் தரையில் போட்டு, கடகடவென்று சத்தம் வருகிறதா என்று காது கொடுத்தாள். நீ செய்வதுபோலவே இருந்தது. தெருமுனையில் பிரேக் பிடித்தபோதுதான் கீச்சென்று கத்தியது. "ரொம்ப நாள் நின்ன வண்டிப்பா. ஓட ஓடச் சரியாயிடும்" என்றாள். பிரேக் கத்தினால் இறங்கிப் பார்க்காமல் மலை ஏறாதே என்று நீ சொல்லியிருப்பாய். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மேலே போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு வண்டிப் பாதையில் இறங்கினாள். நான் அடிவாரத்தில் நின்றேன். முதலில் அந்தக் கீச்சுச் சத்தம்தான் வந்தது. பிறகு அவள். இரண்டு லீவரையும் முழுக்கப் பிடித்திருக்கிறாள், வண்டி நிற்கவில்லை. எதிரே பூக்கடைக்கு முன்னால் ஜனங்கள். யாரோ வீடு கட்டக் கொட்டி வைத்திருந்த மணல் குவியல் ஓரமாக இருந்தது. பிள்ளை அதைப் பார்த்துத் திருப்பி, அதற்குள் போய் விழுந்தாள்.

முழங்கையில் தோல் போயிருந்தது, வேறொன்றுமில்லை. "ஒண்ணுமில்லப்பா, ஒண்ணுமில்லப்பா" என்று அவள்தான் என்னைப் பிடித்துக்கொண்டாள். அங்கே பூக் கட்டிக்கொண்டிருந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு, முக்காலியைத் தள்ளிப் போட்டார். "குந்து சார். புள்ள நல்லாத்தான் கீது. நீ இன்னாத்துக்கு இப்படி வேர்த்துக் கொட்டுற?" என்றார். உட்கார்ந்துவிட்டேன் கீதா. எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

அன்றைக்கே சைக்கிளைப் பால்கனிக் கம்பியோடு சேர்த்துப் பூட்டினேன். விற்கப் போகிறேன் என்று காலனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோவும் போட்டேன். அக்கா போனில், "கண்ணு பட்டிருக்குடா. வித்துத் தொலை" என்றாள். யாழினி என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். இரண்டே பேர் இருக்கிற வீட்டில் ஒருவர் பேசாவிட்டால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. உன்னால் அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்க முடிந்ததில்லை.

சனிக்கிழமை அவளே வந்தாள்.

"விக்கணும்னா வித்துக்கோ. ஆனா பிரேக் போன வண்டிய இன்னொருத்தர் தலையில கட்டக் கூடாது. சாவியக் குடு."

சாவியைக் கொடுத்தேன். ஹாலில் பேப்பர் விரித்து, முன் சக்கரத்தைக் கழற்றினாள். பிரேக் பேடை வெளியே எடுத்துப் பார்த்தவள், மூக்கருகே கொண்டுபோனாள். அப்புறம் என்னிடம் நீட்டினாள்.

"மோந்து பாருப்பா. நம்ம வீட்டு நல்லெண்ணெய்."

எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா ஆசை ஆசையாகத் துடைத்த தகடுதான் பிரேக் டிஸ்க். பேட் இரண்டும் அதைக் கவ்வினால்தான் வண்டி நிற்கும். எண்ணெய் பட்டால் எதைக் கவ்வுவது? அதில் கை ரேகைகூடப் படக்கூடாது என்று யாழினி சொன்னாள். சொல்லிக்கொண்டே கை லீவர் பக்கம் போயிற்று.

"அமுக்காத. சக்கரம் கழட்டியிருக்கு, அமுக்கினா பேட் ரெண்டும் ஒட்டிக்கும்" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு தடவை அமுக்கிட்டு உங்கம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

உன் பேச்சு வந்ததும் அவள் முகம் மாறியது. பேடைக் கீழே வைத்தாள். "அம்மா சைக்கிள்ல சாகலப்பா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. நான் எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

எண்ணெய் ஊறின பேடை எதைப் போட்டுக் கழுவினாலும் பிரயோஜனம் இல்லையாம். தூக்கிப் போட்டுவிட்டாள். தாம்பரம் போய்ப் புதுசு வாங்கி வந்து, இரண்டு சக்கரத்து டிஸ்க்கையும் ஸ்பிரிட் தொட்டுச் சுத்தத் துணியால் துடைத்து மாட்டினாள். மாட்டியதும் மலைக்கு ஓடிவிடக் கூடாதாம், முதலில் பழக்க வேண்டுமாம். சாயங்காலம் முழுக்க நம் தெருவில் கொஞ்சம் வேகமெடுப்பதும் மெதுவாகப் பிடிப்பதுமாக இருந்தாள். போகப் போகக் கீச்சுச் சத்தம் நின்றது. பிறகு, பிடித்த இடத்தில் வண்டி நின்றது.

அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பாவம், நொந்து போவாள். "அத்தை வீட்டு மாமாவோட பைக்குக்கும் டிஸ்க் பிரேக்தாம்ப்பா" என்றாள் உன் மகள். உடனே போன் போட்டுச் சொன்னேன்.

"நல்லதுன்னு நினைச்சுத்தானேடா பண்ணேன். புள்ளைக்கு நானே எமனாகப் பாத்தேனா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. மச்சான் பைக்குல எண்ணெய் பட்டுச்சா, அதச் சொல்லு."

பட்டிருக்கிறது; இங்கே கிளம்பி வரும் முன்பே அதையும் துடைத்துப் பொட்டு வைத்திருக்கிறாள். காலில் விழாத குறையாகக் கெஞ்சி, மச்சானை மெக்கானிக்கிடம் அனுப்பிவைத்தேன். அக்கா போனை யாழினியிடம் கொடுக்கச் சொன்னாள். "அடுத்த வருஷமும் நீங்கதான் அத்தை பூஜை பண்ணணும். பொட்டு மட்டும் ஃப்ரேம்ல வைங்க" என்று இவள் சொல்ல, இருவரும் சேர்ந்து அழுதார்கள். நான் குரூப்பிலிருந்து போட்டோவை எடுத்துவிட்டேன்.

இப்போது என் பயத்தை யாரிடம் சொல்வது? உன்னிடம்தான். அவள் சொன்னது சரிதான். நீ அந்த சைக்கிளில் போன ஞாயிறுகளில் நான் குறட்டை விட்டுத் தூங்கினேன், உனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் இமை மூடாமல் உன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேனே, அப்போதுதான் போனாய். கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் ஆளைக் காப்பாற்றிவிடலாம் என்று எனக்கு யார் சொன்னது கீதா?

நாளைக் காலை அவள் மறுபடி குன்றத்தூர் போகிறாள். அவளோடு சேர்ந்து நானும் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்ப்பேன். ஹெல்மெட் வாரை இழுத்துப் பார்ப்பேன். கேட்டைத் திறந்துவிடுவேன். ஸ்கூட்டரை எடுக்க மாட்டேன். உனக்குத் தருகிற வாக்கு இது. அவள் தெருமுனை திரும்பியதும் உள்ளே வந்து, அடுப்பைப் பற்றவைத்து, அவள் திரும்பி வந்து சாப்பிட இட்லி ஊற்றி வைப்பேன்.

யாழினியின் அப்பா,
உன் ரகு