ஞாயிற்றுக்கிழமை அப்பா

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. நான் நலமாக இல்லை, அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன். அண்ணியும் பிள்ளைகளும் சௌக்கியம்தானே?

ஃபோனில் சொல்லத்தான் பார்த்தேன். இரண்டு தடவையும் "ஏணி மேல நிக்கிறேன், அப்புறம் பேசு" என்று வைத்துவிட்டாய். எலக்ட்ரீஷியனுக்கு ஏணி இல்லாமல் முடியாதுதான். ஆனால் நான் அழ ஆரம்பித்தவுடனே நீ ஏணியில் ஏறிவிடுகிறாய் என்பதை நானும் கவனித்துக்கொண்டுதான் வருகிறேன். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை என்னை யாரும் தடுக்க முடியாது.

விஷயம் இதுதான். போன மாதம் ஓட்டிக்கொண்டிருந்த பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்திவிட்டேன். பின்னால் யாரோ இறங்க வேண்டுமென்று பஸ்ஸின் தகரத்தைத் தட்டினார்கள். தினமும் எத்தனையோ பேர் தட்டுவதுதான். அன்றைக்குக் கால் பிரேக்கில் இறங்கியது, அப்புறம் எழும்பவே இல்லை. ஹாரன் அடித்தார்கள், திட்டினார்கள், நடத்துனர் வந்து தோளைத் தொட்டார். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. டிப்போ மேனேஜர் நல்ல மனுஷர். "கவுன்சலிங் போங்க. அவங்க சரின்னு சொல்லட்டும், வண்டி எங்கயும் ஓடிப்போயிடாது" என்றார்.

போக ஆரம்பித்துவிட்டேன், ஒவ்வொரு வியாழனும். டயர் கடைக்கு மேலே இரண்டே அறை. வெளி அறையில் நான்கு நாற்காலி, எந்த ஸ்டேஷனும் பிடிக்காமல் இரைந்துகொண்டிருக்கும் ஒரு ரேடியோ. உள் அறையில் ஆலோசகர். என்னைவிடச் சின்னப் பெண், எப்போதும் ஜலதோஷம். முதல் நாள் கையைக் கட்டிக்கொண்டு, "எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். "சரி, சும்மாவே உக்காந்திருக்கலாம்" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கடைசியில் முழு நேரமும் கியர் பாக்ஸைப் பற்றியே பேசிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் மறுபடி போனேன்.

உன் அனுமதி கேட்டு எழுதவில்லை. வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

பாப்பா

(நாற்பத்து மூன்று வயதில் இப்படிக் கையெழுத்துப் போட வெட்கமாகத்தான் இருக்கிறது. வேறு பெயர் போட்டால் யாரது என்று கேட்பாய்.)


மார்ச் 8

அன்புத் தங்கை பாப்பாவுக்கு, அண்ணன் எழுதுவது.

கடிதம் வந்தது. அண்ணி படித்துவிட்டு அழுதாள். எனக்குக் கோபம்தான் வந்தது. நம் வீட்டில் யாருக்கும் இந்த மாதிரி வந்ததில்லை. பக்கவாதத்தில் விழுந்த அப்பாவை ஆறு வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டாய். அவர் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உடம்பு அசந்து போயிருக்கிறது, அவ்வளவுதான். இங்கே வந்து கொஞ்ச நாள் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கு. எல்லாம் தானாகச் சரியாகும்.

அதை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் வீட்டு விஷயத்தைக் கொட்டுவதா? இன்றைக்குக் கியர் பாக்ஸ் என்பாய். நாளைக்கு அது அப்பாவில் போய் நிற்கும் என்று எனக்குத் தெரியாதா? அவர் தலைமை ஆசிரியராக இருந்த பள்ளிக்கூடத் தெருவில் நடந்தால் இன்றைக்கும் நாலு பேர் எழுந்து நின்று எனக்கு வணக்கம் சொல்கிறார்கள். அந்தப் பெயருக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது.

வருகிற வியாழன் நானே வருகிறேன். அந்த இடத்தை என் கண்ணால் பார்த்தால்தான் மனசு ஆறும்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 15

அண்ணா,

ஸ்க்ரூ டிரைவரை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய். ஆலோசகர் எடுத்து வைத்திருக்கிறாள்.

கெட்டுப்போன ரேடியோ என்று நீ நினைத்ததில் தப்பில்லை. இரையும் எதைப் பார்த்தாலும் உன் கை சும்மா இருக்காது. ஆனால் உள்ளே பேசுவது வெளியே கேட்கக் கூடாதென்று அவள் வேண்டுமென்றே அதை அப்படி வைத்திருக்கிறாள். எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். நீ அதை அணைத்து, பின்பக்கத்தைக் கழற்றிக்கொண்டிருந்த நேரம் பார்த்து நான் அதைச் சொல்லியிருக்கிறேன். கதவைத் திறந்தால் ரேடியோ குடல் தெரியக் கிடக்கிறது, உன்னைக் காணோம்.

சரியாகக் காதில் விழவில்லை என்று நீ உன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள வேண்டாம். எழுத்திலேயே தருகிறேன். அப்பா போன அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது.

உனக்குத் தெரிந்தது ஞாயிற்றுக்கிழமை அப்பா. குளித்து, சட்டை மாற்றி, தலையணையில் சாய்ந்து, "எம் பையன் வந்துட்டான்" என்று சிரிக்கிறவர். மற்ற நாள் அப்பா கைத்தடியால் கட்டில் கம்பியைத் தட்டுவார். குளியலறையில் இருந்தாலும் சரி, அடுப்பில் கை வைத்திருந்தாலும் சரி, உடனே போய் நிற்க வேண்டும். தாமதமானால் டம்ளர் பறக்கும். என் நெற்றித் தழும்பு பஸ் கண்ணாடியில் இடித்தது என்று உன்னிடம் சொன்னேனே, அது டம்ளர். டியூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் தட்டல் ஆரம்பித்துவிடும். அன்றைக்குப் பஸ்ஸில் யாரோ தட்டியது எனக்கு அப்படியே அந்தத் தட்டலாகக் கேட்டிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு நாலைந்து வியாழன் ஆயிற்று.

அன்றைக்கு உனக்காகச் சமைத்து வைத்ததெல்லாம் அப்படியே இருந்தது. அது மட்டும்தான் எனக்கு வருத்தம்.

பாப்பா


மார்ச் 24

தங்கைக்கு,

பெற்ற தகப்பன் போனதில் நிம்மதி என்று சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது? படுக்கையில் விழுந்த மனுஷர். வலியில், இயலாமையில் ஏதோ கோபப்பட்டிருப்பார். அதைப் போய் ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடிப்பதா?

அந்தப் பெண்ணுக்கு நானே ஃபோன் செய்தேன். எங்கள் அப்பா அப்படிப்பட்டவர் இல்லை, தங்கை குழம்பிப்போய் உளறியிருக்கிறாள், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொன்னேன். "உங்க தங்கச்சி இங்க வர்றாங்களா இல்லையான்னே நான் சொல்ல முடியாதுங்க" என்கிறாள். "கூட வந்ததே நான்தாம்மா. உங்க ரேடியோவக் கழட்டினவன்" என்றேன். "அதையும் சொல்ல முடியாதுங்க" என்று தும்முகிறாள். இப்படிப்பட்டவளை நம்பித்தான் நீ பேசிக்கொண்டிருக்கிறாய்.

முடிவாகச் சொல்கிறேன். அங்கே போவதை நிறுத்து. இங்கே வந்து, கூடத்தில் மாட்டியிருக்கும் அப்பா படத்துக்கு முன்னால் நின்று ஒரு வார்த்தை மன்னிப்புக் கேள். முடியாதென்றால் இந்த வீட்டுப் படி ஏறாதே.

அண்ணன்


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணா,

"அதையும் சொல்ல முடியாதுங்க" என்ற இடத்தில் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து ரொம்ப நாளாயிற்று, அதற்கு நன்றி. அவளை நம்பலாம் என்பதற்கு இனி நீயே சாட்சி.

நிறுத்த மாட்டேன். மன்னிப்பும் கேட்க மாட்டேன்.

நான் உளறவில்லை. அவருக்குச் சோறு ஊட்டியது நான். நகம் வெட்டியது நான். படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டது நான். கடைசியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததும் நான்தான். அந்தக் கை தளர்ந்தபோது அழுகையும் வந்தது, நிம்மதியும் வந்தது. இரண்டுமே என்னுடையவை. ஒன்றை வைத்துக்கொள், இன்னொன்றைத் துப்பிவிடு என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது, உனக்கும்தான். பாசம் இல்லாமலா ஆறு வருஷம் அந்தக் கட்டில் பக்கத்தில் கிடந்தேன்? பாசம் இருந்தால் டம்ளர் பட்ட இடம் வலிக்காதா?

நேற்று டிப்போவுக்குள்ளேயே காலி பஸ்ஸை ஓட்டிப் பார்த்தேன். நடத்துனரைப் பின்னால் நிற்க வைத்துத் தகரத்தைத் தட்டச் சொன்னேன். முதல் தடவை நின்றுவிட்டேன். மறுபடி தட்டச் சொன்னேன், மறுபடியும், மறுபடியும். கடைசியில் அவர்தான், "எனக்குக் கை விட்டுப்போச்சும்மா, நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

நீ எனக்கு வேண்டும் அண்ணா. இருப்பது ஒரே அண்ணன். ஆனால் வாயை மூடிக்கொண்டிருந்தால்தான் தங்கை என்றால், அந்தத் தங்கை இனி உனக்குக் கிடைக்க மாட்டாள். நீ சொன்னபடியே உன் வீட்டுப் படி ஏறவில்லை.

பாப்பா


ஏப்ரல் 26

பாப்பாவுக்கு,

உடனே பதில் எழுத முடியவில்லை. நீ எழுதியதெல்லாம் நிஜமென்று ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. பொய்யென்று சொல்லவும் வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் வரும்போது அவர் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருப்பார். விளங்காமல் போன அந்த வலது கையைச் சட்டைக்குள் நுழைத்துவிட்டது யார் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. முந்தாநாள் ஒரு வீட்டில் வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது திடீரென்று தோன்றியது. அதற்கப்புறம் வேலை ஓடவில்லை. பாதியில் மூடிவிட்டு வந்துவிட்டேன்.

வருகிற ஞாயிறு சின்னவளுக்குப் பிறந்தநாள். "அத்தை வரலைன்னா கேக் வெட்ட மாட்டேன்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். நீ வா. படத்தைக் கழற்ற என்னால் முடியாது, அதை மட்டும் கேட்காதே. நீ மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். பின்பக்கச் சமையலறைக் கதவைத் திறந்து வைக்கச் சொல்கிறேன். அந்த வழியாக வந்துவிட்டால் கூடத்தைத் தாண்ட வேண்டியிருக்காது. உனக்கும் சங்கடமில்லை, எனக்கும் சங்கடமில்லை.

அண்ணன்


ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணா,

சட்டை விஷயத்தை நீ எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். 

நாளை முதல் எனக்குப் பழைய ரூட்டையே கொடுத்திருக்கிறார்கள். வியாழன் மட்டும் சீக்கிரம் இறங்கிவிடுவேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். டயர் கடை மாடிக்குப் போக வேண்டும். அதை எதற்காகவும் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். சின்னவளிடம் கத்தியைத் தயாராக வைக்கச் சொல்.

சமையலறைக் கதவைச் சாத்திவிடு. நான் முன்வாசல் வழியாகத்தான் வருவேன். கூடத்தில் படத்துக்கு முன்னால் நிற்பேன், எனக்குப் போதும் என்று தோன்றுகிறவரை. கூட நிற்க முடிந்தால் நில். முடியாவிட்டால் உள்ளே போய் அண்ணிக்கு ஒத்தாசை செய், நான் தப்பாக நினைக்க மாட்டேன். படத்தை நீ கழற்றவே வேண்டாம், அங்கேயே இருக்கட்டும். நான் அவரைப் பார்க்க வேண்டும். அவரும் என்னைப் பார்க்கட்டும்.

பாப்பா